ஜேடு கல்லில் தென்துருவ முதியவர்: ஒரு தாவோயியத் தெய்வ வடிவமும் அகத்திய விண்மீனும்

முன்னுரை

ஜேடு கல்லில் சீனர் ஆக்கிய தாவோயியத் தெய்வ வடிவங்களுள் பெரிதும் விரும்பப்பெற்றது நீள் ஆயுளின் தெய்வமாகிய ஷோசிங்கின் வடிவம். இத்தெய்வம் ஒரு விண்மீனின் உருவகமாகும். சீனர் அவ்விண்மீனைத் தென்துருவ முதியவர் என்றனர். இந்திய மரபு அதனையே அகத்தியர் என்றது. மேலை வானியலில் அதன் பெயர் கனோபஸ். ஒரே மீனை இருநாட்டாரும் தெற்கில் உறையும் முதியவராகக் கண்டமை ஒன்றிடமிருந்து ஒன்று கொண்டதனாலா, வானம் பொதுவாக இருத்தலாலா என்பதை அத்தெய்வத்தின் ஜேடு வடிவத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் தொழிலும்

சீனர் ‘யூ’ எனப் போற்றிய கல் பெரும்பாலும் நெஃப்ரைட் ஆகும். ஜேடைட் என்னும் மற்றொரு வகை பர்மாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில்தான் மிகுதியாகச் சீனத்துக்கு வந்தது. இவ்விரண்டையும் மரகதம் எனப் பெயர்த்தல் பொருந்தாது. மரகதம் பெரில் என்னும் வேறொரு கனிமத்தின் வகையாகும்.

நெஃப்ரைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 6 முதல் 6.5 வரை அமையும். நுண்ணிழைகள் பின்னிக் கிடக்கும் உள்ளமைப்பினால் அது எளிதில் உடைவதில்லை; உளிக்கும் இணங்குவதில்லை. ஆதலின் கைவினைஞர் அதனைச் செதுக்கவில்லை, தேய்த்தனர். மிதிகட்டையால் சுழலும் கருவியில் குவார்ட்சு, கார்னெட் போன்ற கடிய மணலை நீருடன் இட்டுக் கல்லைச் சிறிது சிறிதாக அரைத்தெடுத்தனர். கல்லை அறுத்தது மணலே. கருவி மணலைச் செலுத்தியது. ‘செதுக்கிய ஜேடு’ என்பது வழக்குச் சொல் மட்டுமே. இவ்வடிவங்களில் கூரிய விளிம்புகள் குறைந்து வளைவுகள் மிகுந்திருத்தற்கு இத்தொழில்முறை ஒரு காரணமாகும்.

நடு ஆசியாவின் கோட்டான் பகுதி ஆறுகள் இக்கல்லின் முதன்மையான ஊற்றாக விளங்கின. சியான்லாங் பேரரசர் 1759இல் அப்பகுதியை வென்றபின் அரண்மனைப் பட்டறைகளுக்குக் கல் தடையின்றிக் கிடைத்தது. ஜேடு வடிவங்கள் அக்காலத்தில் பெருகியமைக்கு இதுவே அடிப்படை.

உருவ அமைதி

மேலெழுந்து புடைத்த வழுக்கை நெற்றி, நீண்ட தாடி, குறுகிய உடல், கணுக்கள் மிக்க கைத்தடி, கையில் பீச் பழம் ஆகியன ஷோசிங்கின் அடையாளங்கள். அப்பழம் மேற்றிசை அரசியன்னையாகிய சிவாங்முவின் தோட்டத்தில் விளைந்து இறவாமை தருவது என்பது தொன்மம். அருகே மான், கொக்கு, வௌவால் ஆகியனவும் இடம்பெறுவதுண்டு. கொக்கு நீள் வாழ்வின் குறி. ஏனைய இரண்டும் சிலேடையால் பொருள் பெற்றவை: வௌவாலைக் குறிக்கும் ‘ஃபூ’ நற்பேற்றையும், மானைக் குறிக்கும் ‘லூ’ அரசு ஊதியத்தையும் ஒலியால் நினைவூட்டும். சொல்லணி இங்குக் கல்லணியாகியுள்ளது.

இறவாமைக்கும் இக்கல்லுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கி.மு. 113இல் இறந்த ஹான் இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறை 1968இல் மான்செங்கில் கண்டறியப்பட்டது. அவர் உடல் 2,498 ஜேடுத் தகடுகளைப் பொன்னிழையால் கோத்த கவசத்துள் வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் உடல் எஞ்சவில்லை, கவசம் எஞ்சியது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தாவோயிய அறிஞர் கே ஹொங், ஜேடினை உட்கொண்டு நீடு வாழும் முறைகளைப் பற்றி எழுதினார். பிற்காலத்தே இக்கல் பிறந்தநாள் வாழ்த்தைச் சுமக்கும் தெய்வ வடிவமாக நிலைபெற்றது.

விண்மீனும் நிலநேர்க்கோடும்

சிமா சியான் கி.மு. முதல் நூற்றாண்டில் நிறைவு செய்த ‘ஷிஜி’ என்னும் வரலாற்று நூல் இம்மீனைக் குறிக்கிறது. அது தோன்றின் நாட்டில் அமைதி நிலவும். தோன்றாவிடின் போர் எழும். இலையுதிர்காலச் சமவிரவு நாளையொட்டித் தலைநகரின் தென்புறத்தே அதனை நோக்குவர் என்பது அந்நூலின் செய்தி.

இந்நம்பிக்கையின் காரணத்தை நிலநேர்க்கோடு விளக்குகிறது. கனோபஸ் வானநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 52.7 பாகையில் உள்ளது. ஹான் தலைநகராகிய சாங்ஆனில் அது அடிவானுக்கு மேல் 3 பாகையளவே எழும். சிறு மூடுபனியும் அதனை மறைக்கும். அரிதிற் காண்பது நற்குறியாயிற்று. பெய்ஜிங்கில் அது எழுவதேயில்லை. பெய்ஜிங் அரண்மனையில் இருந்த பேரரசர் தம் நீள் ஆயுள் வேண்டிப் போற்றிய முதியவரை அங்குக் கல்லிலன்றி வானிற் கண்டிருத்தல் இயலாது.

மதுரையிலோ அம்மீன் 27 பாகை உயரம் எழுந்து பல திங்கள் விளங்கும். பரிபாடலின் 11ஆம் பாடல், வையையில் புதுப்புனல் பெருகும் காலத்தைக் கோள்நிலைகளால் சுட்டுமிடத்து, பொதியில் முனிவராகிய இம்மீனையும் உடன் குறிக்கிறது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதை 12ஆம் இயலில், அகத்தியர் உதயத்தால் கலங்கிய நீர் தெளிவதைக் கூறுகிறது. இந்திய மரபில் இம்மீன் நீரோடும் பருவத்தோடும் இயைந்தது; சீன மரபில் அரசின் அமைதியோடும் ஆயுளோடும் இயைந்தது.

ஒப்பீட்டின் எல்லை

குறுகிய உடல், தென்திசை, அகத்தியரின் கமண்டலத்தை நினைவூட்டும் வகையில் ஷோசிங்கின் தடியில் சிலபோது தொங்கும் சுரைக்குடுக்கை ஆகிய ஒற்றுமைகள் கடன்கோடலைக் கருதத் தூண்டும். போகரைச் சீனத்தோடு இணைக்கும் சித்தர் மரபும் அத்தூண்டலை வலுப்படுத்தும். எனினும், பௌத்தம் சீனத்தில் வேரூன்றுவதற்கு முன்பே ஷிஜியில் இம்மீன் வழிபாடு பதிவாகியுள்ளது. கமண்டலம் கும்பமுனியின் பிறப்புக் கதையையும், குடுக்கை தாவோயியரின் அமுத மருந்தையும் சார்ந்தவை. ஷோசிங்கின் உருவ அமைதியோ மிங், சிங் காலங்களிலேயே முழுமை பெற்றது.

முடிவுரை

அகத்தியரும் ஷோசிங்கும் ஒரே விண்மீனுக்குரிய இரு முதியவர்கள். ஒருவர் மற்றவரின் நிழல் அல்லர். தெற்கே ஒளிரும் மீன் ஒன்று பொதுவாயிருக்க, அதன் பொருளை அவ்வந்நிலத்தின் அடிவானமும் வாழ்க்கைத் தேவையும் வகுத்தன. ஒப்பீட்டாய்வில் உருவ ஒற்றுமையைச் சான்றாகக் கொள்ளுமுன், ஒவ்வொரு கூறும் தன் மரபில் பெற்ற பொருளையும் காலத்தையும் தனித்தனியே துணிதல் இன்றியமையாதது.