ஏடுகளில் எஞ்சிய முன்னோர்

பாட்டன் பெயரைச் சொல்வார் பலர்; பாட்டனுக்குப் பாட்டன் பெயரைச் சொல்வார் மிகச் சிலர். அதற்கும் மேலே கேட்டால், அரச மரபினரும் பெருநிலக்கிழாரும் நீங்கலாக மற்றையோர் வாய்மூடி நிற்பதே எந்நாட்டிலும் வழக்கம். அரபு மக்கள் ‘நஸப்’ என்னும் வமிசாவளியை நெஞ்சிலே சுமந்து காத்தனர். அல்-பலாதுரீ, இப்னு ஹஸ்ம் போன்ற பேரறிஞர்கள் அதனைப் பெருநூல்களாகவே ஆக்கி வைத்தனர். இங்கிலாந்திலோ, ஏர் பிடித்த கூலியாளின் வழியில் வந்தவர்கூடச் சில வேளைகளில் பத்துத் தலைமுறை மேலேறிச் சென்று விடுகின்றார். நினைவாற்றலால் நேர்ந்ததன்று அது. கோயிற் பதிவேடுகளால் நேர்ந்தது.

1538 ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கின் பாதிரியாரும் தம் பங்கில் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் எழுத வேண்டும். ஏட்டை இரு பூட்டுள்ள பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். தவறினால் தண்டம் கட்ட வேண்டும். மக்கள் இதனை ஐயத்தோடு நோக்கினர். புதிய வரிக்கு அடிகோலுகிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு எழுந்தது. அந்த அச்சம் வீண்போகவில்லை என்பதுதான் வேடிக்கை! ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பிறப்புக்கும் மணத்துக்கும் சாவுக்கும் வரி வந்தது. 1783 இல் மீண்டும் ஒரு பதிவுக்கு 3 பென்ஸ் வீதம் வரி வந்து 1794 வரை நீடித்தது. வறியவர்க்கு விலக்கு உண்டு. எனவே அவ்வாண்டுகளின் ஏடுகளில் ‘வறியவர்’ என்ற குறிப்புத் திடீரெனப் பெருகக் காண்கிறோம். அதனைப் படித்துத் தம் முன்னோர் பிச்சையெடுத்தனர் என முடிவு கட்டுவது அவசரம்.

முதலில் எழுதப்பட்டவை காகித ஏடுகள். 1598 இல் அவற்றைத் தோலேட்டில் பெயர்த்தெழுதுமாறு கட்டளையாயிற்று. எலிசபெத் அரசியார் ஆட்சி தொடங்கிய 1558 முதலான பதிவுகளைச் ‘சிறப்பாக’ எழுதுக என்று அக்கட்டளையில் ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பலர் முதல் இருபது ஆண்டுகளை அப்படியே விட்டுவிட்டனர். எழுதுவோரின் சோம்பல் எத்தனை குடும்பங்களின் வேரை அறுத்தது! 1640 களின் உள்நாட்டுப் போரின்போதும் பல பங்குகளில் எழுதுவார் இன்றி ஏடுகள் வெறிதே கிடந்தன.

எஞ்சிய ஏடுகளைப் படிப்பதற்கும் கல்வி வேண்டும். 1720 ஏப்ரலில் மணம் முடித்த தம்பதியரின் முதற் குழந்தைக்கு 1720 பிப்ரவரியில் ஞானஸ்நானம் நடந்ததாக ஓர் ஏடு கூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். படித்தவர் திடுக்கிடுவார், அந்தத் தாயின் கற்பை ஐயுறுவார். உண்மை வேறு. 1752 க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 ஆம் நாள். ஆகவே அந்தப் பிப்ரவரி ஏப்ரலுக்குப் பின் பத்தாம் மாதம். நம் கணக்கில் அது 1721. ஹிஜ்ரி ஆண்டையும் கிறிஸ்தவ ஆண்டையும் ஒப்பிட்டுப் பழகிய நமக்கு இது வியப்பளிப்பதன்று. ஆயினும் ஒரு நாட்காட்டியை அறியாமையால் இறந்துபோன பெண்ணொருத்தியின் மேல் பழி சுமத்தப்படக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை இடும் வழக்கமும் அங்கே இருந்தது. ஞானஸ்நான ஏட்டை மட்டும் கண்டவர், மாண்ட சிசுவைத் தம் மூதாதை எனக் கொண்டாடுவார். அடக்க ஏட்டையும் புரட்டியவரே தப்புவார். ஹதீஸ் அறிவிப்பாளரை ஆய்ந்த நம் முன்னோர், இவர் அவரைச் சந்தித்திருக்க இயலுமா எனப் பிறப்பையும் இறப்பையும் உரசிப் பார்த்தார்களே, அதே உரைகல் இங்கும் பயன்படுகிறது. பெண்வழியைத் தேடுவது இன்னும் கடினம். நம்மவருள் பெண் மணமான பின்னும் இன்னார் மகள் என்றே அறியப்படுகிறாள். அங்கோ கணவன் குடிப்பெயரில் அவள் பெயர் கரைந்துவிடும். ஞானஸ்நான ஏடுகள் பலவற்றில் தாயின் தந்தைவழிப் பெயர் இராது. 1754 முதல் திருமண ஏட்டில் மணமக்கள் கையொப்பமிட வேண்டுமென விதி வந்தபின் சற்று வெளிச்சம் பிறந்தது. எழுத்தறியாதோர் இட்ட சிலுவைக் குறிகளை அவ்வேடுகளில் இன்றும் காணலாம்.

அடுத்து வந்தது குடிக்கணக்கு. 1801 இல் தொடங்கியதெனினும், நாடு முழுவதும் ஆட்களின் பெயரை எழுதியது 1841 முதற்கொண்டே. அவ்வாண்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினர். 39 வயதினர் 35 ஆனார். 1851 இல்தான் பிறந்த பங்கின் பெயரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் கேட்கப்பட்டன. அந்தப் பங்கின் பெயரே பழைய கோயிலேட்டின் திறவுகோல். 1911 இல் மணமான பெண்டிரிடம், உயிரோடு பிறந்தவர் எத்தனை பேர், இருப்பவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டனர். வீட்டாரே தம் கையால் எழுதிய அத்தாள்கள் அப்படியே உள்ளன. 1921 இன் கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931 இன் கணக்கை 1942 இல் தீ தின்றது. 1941 இல் போரின் காரணமாகக் கணக்கே எடுக்கப்படவில்லை.

ஆயினும் தீயின் கொடுமையை முழுதும் அறிந்த நாடு அயர்லாந்து. 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்குகளின் தாள்களை அரசே அழித்துவிட்டது. 1821 முதல் 1851 வரையிலானவை டப்ளின் நகரத்து ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 1922 ஜூன் 30 ஆம் நாள், உள்நாட்டுப் போரில் அக்கட்டடம் வெடித்து எரிந்தபோது, அவற்றிற் சில துணுக்குகளே மிஞ்சின. ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்கு ஏடுகள் நூற்றுக்கணக்கில் அங்கேயே வெந்தன. கத்தோலிக்கப் பாதிரிமார் தத்தம் ஊரிலேயே வைத்திருந்த ஏடுகள் பிழைத்தன. ஆனால் பல ஊர்களில் அவை பிந்தியே தொடங்கியவை.

இந்த இழப்புக்கு நடுவே ஒரு சிறு மீட்சியும் உண்டு. 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு முதியோர் உதவித்தொகை வழங்கலாயிற்று. வயதுக்குச் சான்று கேட்டார்கள். அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் அரசு பதிந்தது 1864 முதல்தான். கிழவர்கள் சான்றுக்கு எங்கே போவார்கள்? 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் தம்மைக் குழந்தையாகத் தேடித் தருமாறு விண்ணப்பித்தனர். எழுத்தர்கள் தேடிக் கண்டதை அவ்விண்ணப்பத் தாளிலேயே குறித்தனர். மூலங்கள் சாம்பலாயின, இந்தத் தாள்களோ ஆயிரக்கணக்கில் இன்றும் உள்ளன. மாதக் கணக்கில் வாடகைக்கும் ரொட்டிக்கும் திண்டாடிய முதியவர்கள், சில ஷில்லிங்குகளுக்காகக் கேட்ட சான்றே இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு வமிசப் பத்திரம். தேடியும் காணவில்லை எனக் குறிக்கப்பட்ட தாள்களும் அவற்றிலே உண்டு. அவற்றிலும் தந்தை பெயர், தாய் பெயர், பிள்ளைப் பருவத்தில் வாழ்ந்த ஊர் ஆகியவை விண்ணப்பித்தவர் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன.