கிளாக்கோமா சொட்டு மருந்து 'ஸ்டாக் இல்லை' என்றால் என்ன செய்வது?

"ஸ்டாக் இல்ல சார், ரெண்டு நாள் ஆகும்." தலைவலி மாத்திரைக்கு இந்தப் பதில் வந்தால் வேறு மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஆனால், அப்பாவோ அம்மாவோ தினமும் போடும் கிளாக்கோமா சொட்டு மருந்துக்கு வந்தால்?

இந்தியாவில் 40 வயதைக் கடந்தவர்களில் சுமார் 1.1 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கும் என்கிறது 2010-ல் வெளியான மதிப்பீடு. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சேதமாகிறது. போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. அதை நிறுத்தினால் பொதுவாக வலிக்காது, பார்வையும் உடனே மங்காது. அழுத்தம் மட்டும் சத்தமில்லாமல் ஏறும்.

ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும்?

லடானோப்ரோஸ்ட் 2.5 மி.லி. பாட்டிலில் தோராயமாக 80 சொட்டுகள் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொரு சொட்டு என்றால் மாதம் 60. கை நடுங்கி தினம் ஒரு சொட்டு வீணானாலே கணக்கு இடிக்கும். திறந்த பாட்டிலை 4 வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. எனவே திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். 20-வது நாளில் அடுத்ததை வாங்கிவிடுங்கள். பிரிக்காத பாட்டில் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

பல லடானோப்ரோஸ்ட் பிராண்டுகளைத் திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரியில், அதாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. வெயில் காலத்தில் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் குளிர்ச்சியாக அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

வேறு பிராண்ட் வாங்கலாமா?

பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். டிமோலால் 0.25%, 0.5% என இரு அளவுகளில் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. கடைக்காரர் "இதுவும் அதே மாதிரிதான்" என்று இரண்டு மருந்து கலந்த பாட்டிலைக் கொடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். டிமோலால் கலந்திருந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், இதயத் துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து. மூலப்பெயர் தெரிந்தால் மக்கள் மருந்தகங்களிலும் (ஜன் ஔஷதி) விசாரிக்கலாம்.

கிடைக்கவே இல்லையா?

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் வழக்கம்போல் போட்டால் போதும்; இரட்டிப்பாகப் போடக்கூடாது. லடானோப்ரோஸ்ட்டை அடிக்கடி போட்டால் பலன் குறையவும் கூடும். சில நாட்கள் கிடைக்காது என்று தெரிந்தால், அன்றே மருத்துவரை அழைத்து மாற்று மருந்து எழுதி வாங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் வேறு சொட்டு மருந்து வேண்டாம். ஸ்டீராய்டு இருந்தால் அழுத்தத்தையே கூட்டிவிடும். கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

யாரிடம் புகார் சொல்வது?

லடானோப்ரோஸ்ட் 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்தின் உற்பத்தியை நிறுத்த நினைக்கும் நிறுவனம், 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குறைந்தது 6 மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். தட்டுப்பாடு பற்றி தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 1800 111 255 என்ற எண்ணிலோ, 'பார்மா ஜன் சமாதான்' தளத்திலோ புகார் செய்யலாம்.

மருந்தே இல்லாமல் சமாளிக்க முடியுமா?

சிலருக்கு முடியும். திறந்த கோண வகை கிளாக்கோமாவுக்கு எஸ்.எல்.டி. என்ற லேசர் சிகிச்சை உண்டு. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் 74% பேருக்கு 3 ஆண்டுகள் வரை சொட்டு மருந்து தேவைப்படவில்லை. பலன் காலப்போக்கில் குறையலாம், பரிசோதனையும் தொடர வேண்டும். மருந்து அடிக்கடி கிடைக்காத ஊர் என்றால், அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னொன்று: பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கும் ஆபத்து அதிகம். அவர்களை செக்கப்புக்கு அழைத்துப் போகும் நாளில் உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள்.