உலை எண்ணெயிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழியில் கொதிகலன் எரிபொருள் மாற்றம்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் தொழில் வரலாறு, பெரும்பாலும் ஆலைகள் வந்த ஆண்டுகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இலும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஆலைகளுக்கு வெப்பம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. அவ்வினாவைக் கொதிகலன்களின் வழியே அணுக இக்கட்டுரை முயல்கிறது.

குளிர்நாடுகளில் கொதிகலன் என்பது கட்டடத்தைச் சூடேற்றும் கருவி. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் இந்நிலத்தில் அதன் பணி வேறு. வண்ணம் பூசுமுன் வாகனக் கூட்டைக் கழுவும் வெந்நீர், டயரை அச்சில் பதப்படுத்தும் நீராவி, உணவுக்கூடச் சமையல் ஆகியவற்றிற்கே அது பயன்படுகிறது.

மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியபின், ஃபர்னஸ் ஆயில் என வழங்கும் உலை எண்ணெய் சென்னை வட்டாரத்திலேயே கிடைக்கலாயிற்று. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் கசடு இது. சூடேற்றினாலன்றிக் குழாயில் ஓடாது, கந்தகம் மிகுந்தது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசம், அரியானா, இராசத்தான் ஆகிய மாநிலங்களில் இதன் பயன்பாட்டைத் தடை செய்தது. தமிழ்நாட்டிற்கு அத்தடை இல்லை. எனவே இங்கு மாற்றத்தின் தொடக்கத்தை நீதிமன்றத்தில் அன்றித் துறைமுகத்திலேயே தேட வேண்டும்.

எண்ணூர் காமராசர் துறைமுகத்தில், ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கொள்திறனுடைய திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையிலேயே மணலியின் மெட்ராஸ் உர நிறுவனம் நாஃப்தாவைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாறியது. காஞ்சிபுரம் வட்டாரத்திற்கான நகர எரிவாயு விநியோக உரிமம், 2018-இல் நடந்த ஒன்பதாம் சுற்று ஏலத்தில் ஏஜி அண்ட் பி நிறுவனத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. காவிரிப் படுகை எரிவாயு டெல்டாவின் மின்நிலையங்களை இயக்கிவந்தது. 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் அங்குப் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வைத் தடுத்தது. ஒருபுறம் உள்நாட்டு அகழ்வுக்கு எல்லை வகுக்கப்பட, மறுபுறம் கடல்கடந்த எரிவாயு ஆலைகளை எட்டியது. இவ்விரண்டையும் தனித்தனி வரலாறுகளாகப் படிப்பது பொருந்தாது.

மாற்றம் என்பது எரிப்பானைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதோடு முடிவதில்லை. எண்ணெய்ச் சுடர் ஒளிமிக்கது. உலைச்சுவருக்குக் கதிர்வீச்சாக வெப்பத்தைத் தருவது. எரிவாயுச் சுடரில் அவ்வொளி குறைவு. ஆதலின் வெப்பத்தின் பெரும்பங்கு புகைக்குழாய்ப் பகுதிக்கு நகர்கிறது. ஹைட்ரஜன் மிகுதியால் உண்டாகும் நீராவி, உள்ளுறை வெப்பத்தைப் புகையோடு கொண்டுசெல்கிறது. ஆயினும் கந்தகம் ஏறக்குறைய இன்மையால் அமில அரிப்பு அச்சம் நீங்குகிறது. புகையை மேலும் குளிர்வித்து, அவ்வெப்பத்தால் ஊட்டுநீரைச் சூடேற்றலாம். அழுத்தக் குறைப்பு நிலையம், இரட்டை அடைப்பு வால்வுகள், கசிவு உணரிகள் ஆகியன புதிதாகச் சேரும். கொதிகலனின் கட்டமைப்பில் மாற்றம் செய்ய நேரின், தலைமை ஆய்வாளரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் விதித்தது. 2025-இல் அச்சட்டத்தின் இடத்தைப் புதிய சட்டம் பெற்றது.

எரிவாயு தூய்மையானது என்னும் கூற்று பெரும்பாலும் புகைபோக்கியின் வாயில் வைத்தே அளக்கப்படுகிறது. கிணறு முதல் கப்பல் வரை கசியும் மீத்தேன் அக்கணக்கில் சேர்வதில்லை.

வரியும் கவனத்திற்குரியது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது உலை எண்ணெய் அதனுள் அடங்கியது. இயற்கை எரிவாயு மாநில மதிப்புக் கூட்டு வரியிலேயே நின்றது. எண்ணெய்க்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாகக் கழிக்கும் ஆலை, எரிவாயுவுக்குச் செலுத்தியதை அவ்வாறு கழிக்க இயலாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் உடனடிச் சந்தையில் திரவ எரிவாயுவின் விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்தை எட்டியது. எண்ணெய், எரிவாயு இரண்டையும் ஏற்கும் எரிப்பானை நாடும் ஆலை, பழைய எண்ணெய்த் தொட்டியை விற்றுவிடாது வைத்திருப்பதன் பொருள் இப்பின்னணியிலேயே விளங்கும்.