"சைன், காஸ் எதுக்கு சார்?"

பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது இதைக் கேட்பான். "பரீட்சைக்கு வரும், படிச்சுக்கோ" என்றே பல வருடம் சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரியான பதில் நம் பரங்கிமலை அருகிலேயே இருந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தைப் பார்த்துக் கோணம் அளந்தால் போதும். சைன் விதிப்படி மற்ற இரு பக்கங்களும் கிடைத்துவிடும். அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. சரிபார்க்க மட்டும் இடையிடையே மீண்டும் சங்கிலி.

குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்களே குன்றுகள். 1808-இல் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. பல வாரம் உழைத்துத் தானே அதைச் சீர்செய்தார்.

1823-இல் அவர் இறந்தார். முக்கோணங்கள் நிற்கவில்லை, இமயம் வரை போயின. ராதாநாத் சிக்தார் போன்றோரின் கணக்கால் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய அளவு 29,032 அடி. யாரும் ஏறாத மலைக்கு வித்தியாசம் வெறும் 30 அடி!

இந்தக் கதையை என் கடைசி சில ஆண்டுகளில்தான் வகுப்பில் சொன்னேன். பிறகு கோணமானி, நூல், ஒரு கல்லோடு பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். அதன்பின் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இப்போது பணியிலிருக்கும் ஆசிரியர்களே, நீங்களாவது முதல் வருடமே சொல்லிவிடுங்கள்.