வலிப்பு மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துல காய்ச்சலும் தடிப்புமா? அம்மைன்னு நினைச்சு காத்திருக்காதீங்க!

வலிப்புக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். திடீர்னு காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். மறுநாள் முகத்திலும் நெஞ்சிலும் சிவப்புத் திட்டுகள். நம்ம வீடுகளில் அடுத்து என்ன நடக்கும்? பாட்டி ஒரு பார்வை பார்த்துட்டு, "அம்மை போட்டிருக்கு" என்பார். வாசலில் வேப்பிலை தொங்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஆஸ்பத்திரி பேச்சே கிடையாது. வலிப்பு மாத்திரையை மட்டும் "அதை விட்டுடாதே" என்று தவறாமல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அது அம்மையாக இல்லாமல் அந்த மாத்திரையின் ஒவ்வாமையாக இருந்தால், இப்படிக் காத்திருக்கும் நாட்கள்தான் ஆபத்து.

இதில் மோசமானது 'ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்'. 1922-ல் இரண்டு சிறுவர்களிடம் இதைப் பார்த்துப் பதிவு செய்த அமெரிக்க மருத்துவர்கள் இருவரின் பெயர்தான் அது. உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்தத் தோலையே தாக்கும். மேல்தோல் செத்து, தீக்காயம் பட்டதுபோல உரியும். உடம்பில் 10 சதவிகிதத்துக்குள் உரிந்தால் இந்தப் பெயர். 30 சதவிகிதத்தைத் தாண்டினால் 'டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ்'. அந்த நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைப்பவர்களிலும் சிலருக்குக் கண்ணில் தழும்பு விழுந்து பார்வை பாதிக்கும்.

பயந்துடாதீங்க, இது அபூர்வம். வலிப்பு மாத்திரையால் சாதாரண அரிப்பும் தடிப்பும் வருவதுதான் அதிகம். ஆனால் முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். அதனால் எந்தத் தடிப்பாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது.

எந்த மாத்திரைகள்?

கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின். கடையில் பிராண்டு பெயர் என்னவாக இருந்தாலும் அட்டையின் பின்பக்கம் மூலப்பெயர் இருக்கும், அதைப் பாருங்க. வலிப்பே இல்லாதவர்களும் இவற்றைச் சாப்பிடுகிறார்கள். முகத்தில் ஷாக் அடிப்பதுபோல வரும் நரம்பு வலிக்கு கார்பமாசெபைன், பைபோலார் பிரச்னைக்கு லாமோட்ரிஜின் தருவதுண்டு.

லாமோட்ரிஜினில் ஒரு விஷயம் முக்கியம். பெரியவர்களுக்குப் பொதுவாக தினம் 25 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டு வாரம் கழித்துத்தான் 50 ஆக்குவார்கள். 'எதுக்கு இவ்ளோ ஸ்லோ?'ன்னு தோணும். வேகமாக ஏற்றினால் தோல் பாதிப்பு அபாயம் கூடும், அதனால்தான். கூடவே வால்புரோயேட் சாப்பிட்டால் லாமோட்ரிஜின் உடம்பில் இரண்டு மடங்கு தங்கும், அப்போது இன்னும் குறைவாக ஆரம்பிப்பார்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டு, பழைய டோஸையே எடுத்து விழுங்குவது பெரிய தப்பு. முதலிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஜீனில் இருக்கும் சாவி

2004-ல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமாசெபைனால் இந்தப் பாதிப்பு வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி*15:02 என்ற ஒரே ஜீன் வகை இருந்தது. அதே மாத்திரையைப் பிரச்னை இல்லாமல் சாப்பிட்ட 101 பேரில் மூவரிடம்தான் இருந்தது. பிறகு தைவானிலேயே 4,877 பேருக்கு மாத்திரை தொடங்கும் முன் பரிசோதனை செய்து, அந்த ஜீன் உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். வழக்கமான கணக்குப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை!

சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு கார்பமாசெபைன் புதிதாகத் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. அங்குள்ள தமிழர்களும் இதில் அடக்கம். இந்தியர்களிடம் இந்த ஜீன் சீனர்கள், தாய்லாந்துக்காரர்கள் அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது. நம்ம ஊரில் எல்லோருக்கும் இதை எடுப்பதில்லை. 'எனக்குத் தேவையா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை. ஜீன் இல்லை என்று வந்தாலும் கவனம் வேண்டும். மற்ற மாத்திரைகளாலும், வேறு ஜீன்களாலும்கூட இது வரலாம்.

எப்போ ஓடணும்?

பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள்தான் வரும். தடிப்போடு காய்ச்சல், வாயில் புண், கண் சிவந்து எரிவது, சிறுநீர் போகும்போது எரிச்சல், கொப்புளம், தொட்டாலே தோல் வலிப்பது... இதில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்க. முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, கண் மஞ்சளானாலும் அப்படியே. அது 'ட்ரெஸ்' எனப்படும் இன்னொரு வகை, கல்லீரலையே பிடிக்கும்.

மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டர் முன்னால் இருக்கணும், அதான் கணக்கு. அவர் அதை நிறுத்திவிட்டு லெவெடிராசெட்டம் மாதிரி வேறு குடும்பத்து மருந்துக்கு மாற்றுவார். எதற்கு மாறுவது என்பது அவர் முடிவு. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கு வால்புரோயேட் சிக்கல் என்பதால், 'என் ஃப்ரெண்டுக்கு இதான் கொடுத்தாங்க' என்பதெல்லாம் இங்கே உதவாது.

போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. தொடங்கிய தேதியும் சொல்லணும். தடிப்பு எந்த நாளில் எப்படி இருந்தது என்று போனில் எடுத்த போட்டோ இருந்தால் ரொம்ப உதவும்.

ஒரு தடவை வந்துவிட்டால் அந்த மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டாம். கார்பமாசெபைன் ஒத்துக்காதவருக்கு ஃபெனிட்டாயினும் ஒத்துக்காமல் போகலாம், ரெண்டும் வேதியியல் அமைப்பில் சொந்தக்காரங்க. பல வருஷம் கழித்து, நினைவில்லாமல் வேறு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அதை ஊசியில் ஏற்றிவிடக்கூடும். போனின் லாக் ஸ்கிரீனில் அவசரத் தகவல் எழுத ஓர் இடம் இருக்கிறது இல்லையா, மருந்தின் மூலப்பெயரை அங்கே எழுதி வையுங்க. அண்ணன், தங்கச்சிக்கும் சொல்லிடுங்க, அதே ஜீன் அவங்களுக்கும் இருக்கலாம்.