தறி நிற்காத நேரம்

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டு ஊடையையும் வரிக்கு வரி பூட்டிச் சேர்க்க, நெசவாளருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து கரை நாடாவைப் போட வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் இயன்முறைப் பயிற்சிக்குக் கிளம்பினால், அன்றைக்குத் தறி நின்றுவிடும். கூலியோ சேலைக் கணக்கு. நாலு வாரம் வந்தவர் ஐந்தாம் வாரம் வரமாட்டார். மறுவாழ்வு மையத்தில் இருக்கும் நாம் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறோம். அந்த ஒரு சொல்லோடு விடாமல், எந்த நேரத்தில் வந்தால் தறி நிற்காது என்று விசாரித்து, மையத்தின் நேரத்தையே மாற்றவைப்பவரிடம்தான் தலைமைப் பண்பு இருக்கிறது.

நம்மிடம் படிப்புக்குக் குறைவில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் சிறப்பு ஆசிரியர்களுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் தகுதியும் பதிவும் வகுத்தது. பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் வந்தது. 2019இல் செங்கல்பட்டு பிரியும்வரை அது நம் மாவட்டத்து நிறுவனம். ஆனால் ஒரே பிள்ளைக்கு நான்கு அறைகளில் நான்கு பேர் நான்கு யோசனை சொல்லும்போது, அவர்களை ஒரே பாயில் உட்காரவைப்பது யார் என்பதைப் பாடத்திட்டம் அழுத்திச் சொல்வதில்லை.

அப்படிச் சேர்ந்து வேலை செய்வதை ஆய்க்குடி என்ற ஊரில் பார்க்கலாம். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் எஸ். இராமகிருஷ்ணன். 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். இன்று அச்சங்கம் பயிற்சி தந்த கிராமப் பணியாளர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போகிறார்கள்; செல்பேசிச் செயலியில் அவர்கள் பதிவதைப் பார்த்து வல்லுநர்கள் வழிகாட்டுகிறார்கள். தம் கையிலிருக்கும் வித்தையை உள்ளூர்க்காரரிடம் ஒப்படைக்க வல்லுநருக்குப் பெரிய மனசு வேண்டும். எனக்கு இதுவே கடினமான பாடமாகப் படுகிறது.

பெற்றோரும் தலைமை ஏற்க முடியும். சென்னையில் 1985இல் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான வித்யா சாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய். பிற்காலத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் தலைவரானார். அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான தலைமைப் பயிற்சித் திட்டத்தில் மருத்துவ, உளவியல் மாணவர்களோடு பெற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் பயிற்சியாளர்களாகவே சேர்கிறார்கள்.

காஞ்சியிலும் தாய்மாரை இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த பயிற்சி வகுப்பை விடுதி அரங்கில் வைக்காமல், நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓய்ந்த மாலையில் வையுங்கள். எப்போது பாவு பிணைப்பார்கள், எந்த நாளில் கை சும்மா இருக்கும் என்பதை அந்தத் தாய்மார் முதலில் சொல்லட்டும். சிறப்பு ஆசிரியர் குறித்துக்கொள்ளட்டும்.