தோட்டப் பள்ளிக்கு வந்த இணையம்

மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் பல ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. வெள்ளைக்காரத் துரை ஒதுக்கிய கொட்டகை, ஒற்றை வாத்தியார்: ஜாசின், மெர்லிமாவ், தெபோங் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் எழுத்துக் கற்றார்கள்.

அந்தப் பள்ளிகளையும் சேர்த்து, நாட்டின் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையம் தரும் '1பெஸ்தாரிநெட்' திட்டம் 2011-இல் வந்தது. ஒப்பந்தக்காரர் ஒய்டிஎல் கம்யூனிகேஷன்ஸ். 15 ஆண்டுகள், மூன்று கட்டங்கள், 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல். பல பள்ளி வளாகங்களில் தொலைத்தொடர்புக் கோபுரம் எழுந்தது. மாணவருக்கு 'யெஸ்' கணக்கு, பாடத்துக்கு 'ஃப்ராக்' தளம்.

தளத்தை யார் திறந்தார்கள்? தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை அதைத்தான் எண்ணிப் பார்த்தது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரைதான். முதல் கட்டத்துக்கு மட்டும் ஒப்பந்த மதிப்பு 66.3 கோடி! நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. ஆனாலும் திட்டம் நிற்கவில்லை.

2018-இல் ஆட்சி மாறியதும் கேள்விகள் மறுபடி கிளம்பின. 2019 ஜூன் 30-உடன் ஒப்பந்தம் முடிந்தது. ஃப்ராக் போய் கூகுள் கிளாஸ்ரூம் வந்தது.